நிலம் வரும்வரை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கிடக்கும் கதிரைகளில் ஒன்றுக்கு மட்டும் முதுகுப் பலகையின் மேல்விளிம்பில் வார்னிஷ் போய் வெறும் மரம் தெரியும். அது நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர் பிடித்துக்கொண்டு நின்ற கதிரை. எத்தனையோ வருடங்களாக எங்கள் வீட்டுக்கு வந்து போனவர், அந்தக் கதிரையில் ஒரு நாளும் உட்காரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தேத்தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

"ஒருக்காக் குந்துங்கோவன் அக்கா" என்பேன்.

"குந்தினா எழும்பமாட்டன் பிள்ளை" என்பார்.

இந்த இரண்டு வசனமும் எங்களுக்குள் ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டன. நான் சொல்லாவிட்டால் அவருக்கு ஏதோ குறை. அவர் சொல்லாவிட்டால் எனக்குப் பயம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் டென்மார்க்கில், இந்த ஹேர்னிங்கில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க "ஓ, அவவோ" என்று தலையாட்டும். அவ்வளவு பேரின் வீட்டுக் குசினியிலும் அடுப்போரமாக அவர் நின்றிருக்கிறார். இப்போது அவர் ஹேர்னிங்கில் இல்லை, கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் மகளோடு இருக்கிறார். போன கிழமை ஃபோனில் கதைத்தபோது பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றுகொண்டுதான் கதைக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

நானும் அவரும் ஒரே வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தோம். எங்கள் தொழிலைச் சுருக்கிச் சொன்னால், உட்கார்ந்திருப்பவர்களை எழுப்புவது, நிற்பவர்களை உட்காரவைப்பது. கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து மறுபடி கதிரைக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் என் கைகள் என்னுடையவை இல்லை என்று தோன்றும். அக்காவுக்கு அதில் ஒரு பாணி இருந்தது. கிழவரின் அக்குளுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து, முதுகில் மற்றக் கையை வைத்து, டேனிஷில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, "ஓப்!" என்பார். எழும்பு என்பதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கல் மாதிரிக் கிடந்த மனிதர்கூட அந்த "ஓப்" கேட்டால் எழும்பி நிற்பார்.

இடைவேளை என்றால் டேனிஷ்காரருக்குப் பூசை மாதிரி. கூரை இடிந்து விழுந்தாலும் கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்கமாட்டார்கள். அக்கா அந்த நேரத்தில் கழுவுதொட்டியின் பக்கம் நின்று, டப்பாவிலிருந்து புட்டை விரலால் அள்ளிச் சாப்பிடுவார். தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருத்தி இருந்தாள், நெட்டையான, மென்மையாகக் கதைக்கிற பெண். ஒரு நாள் அவள் வந்து, "நீ உட்காராமல் நின்றால், நாளைக்கு எங்களையும் நிற்கச் சொல்வார்கள்" என்றாள். நியாயமான பேச்சு. அக்கா மரியாதைக்குக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார், பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்தவர் மாதிரி. அவள் முதுகு திரும்பியதும் எழும்பிவிட்டார்.

கத்தோலிக்கக் கோவிலிலும் அதே கதைதான். மாதத்தில் ஒரு தடவை தமிழ்ப் பூசை நடக்கும். உட்காருகிற வாங்குகள் பாதி காலியாகக் கிடக்கும். அக்கா பின்னால், கதவோரம், குடை வைக்கிற இடத்தில் நிற்பார். மன்னாரில் சனம் நிறைந்து வழிந்த கோவில்களில் நின்று பழகியவர் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது.

காரணம் அவர் வீட்டு வரவேற்பறையில், சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்திருந்தது.

அக்காவின் கணவரை நாங்கள் அண்ணை என்போம். ஒரு துணி ஆலையில் வேலை செய்தவர். நல்ல வேலைக்காரர், பகிடிக்காரர். ஆலை மூடிய நாள் வீட்டுக்கு வந்து, "ஒரு கிழமை ஆறிப்போட்டு வேலை தேடுவம்" என்று சொல்லி அந்த மூலையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். குடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. உட்கார்ந்திருந்தார். கிழமை மாதமானது, மாதம் வருடமானது. டொக்டர் மருந்து கொடுத்தார், நகரசபையிலிருந்து ஆட்கள் வந்து கதைத்துப் பார்த்தார்கள். சாப்பிட எழும்புவார், படுக்க எழும்புவார், மற்றபடி அந்த மூலை. சோபாவில் அவர் உருவத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"ஒரு வீட்டில குந்தின ஆள் ஒண்டு போதும்" என்றார் அக்கா ஒரு நாள், உடுப்பு மடித்தபடி. "இவர் எழும்பாமல் விட்டதுக்கு ஒரு காரணமும் இல்லைப் பிள்ளை. குந்தினார், அவ்வளவுதான். அந்த ஒரு கிழமைதான் எனக்குப் பயம்."

அவர் குரலில் அழுகை இல்லை. வாசலில் பனி உறைந்திருக்கிறது, பார்த்துப் போ என்று சொல்கிற தொனி.

உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்குப் போய்வர எனக்கு அலுப்பு. அண்ணை சோபாவில், அக்கா குசினி வாசலில் நிற்க, நடுவில் நாங்கள் எங்கே ஆற அமர இருப்பது? தேத்தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வெளிக்கிட்டுவிடுவோம். அண்ணையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அக்காவைப் பார்த்தால் களைப்பு வரும். இரண்டும் பாசத்தில் வந்ததுதான்.

நோர்வே யோசனை மகளுடையது. அவள் கோப்பன்ஹேகன் பக்கம் வேலை பார்த்தாள், பனிப்பலகையில் சறுக்குவதில் பைத்தியம். டென்மார்க்கில் மலை கிடையாது. மலை என்று இவர்கள் காட்டுகிற இடத்தில் ஏறி நின்றால் பக்கத்து மாட்டுக்கொட்டில் தெரியும். அதனால் குளிர்கால விடுமுறை வந்தால் பாதி நாடு காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு நோர்வேக்குப் போகும். "அம்மா வீட்டிலும் வேலையிலும் நின்றது போதும், ஒரு கிழமை வெளியே வரட்டும். நீங்களும் வந்தால்தான் வருவா" என்று அவள் என்னைப் பிடித்தாள். கோல்டிங்கிலிருந்து அண்ணையின் தம்பி வந்து அவரோடு வீட்டில் நின்றார். நாங்கள் சோற்றுப் பானையும் மிளகாய்த்தூளும் உறைந்த மீன்குழம்பும் காரின் பின்பக்கத்தில் அடுக்கிக்கொண்டு போனோம். அக்கா சமைக்கத்தான் வந்தார் என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார்.

மகள் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பனிப்பலகை வாடகைக்கு எடுத்துவிட்டாள். இரண்டு மட்டை கட்டிச் சறுக்குவதை அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ரெண்டு காலும் ரெண்டு பக்கம் போனா ஆர் பிடிக்கிறது? ஒரு பலகை எண்டா விழுந்தாலும் ஒண்டா விழலாம்."

முதல் நாள் கீழே, குழந்தைகள் விளையாடுகிற சரிவில் விழுந்து விழுந்து பழகினோம். அக்கா விழுந்த வேகத்தில் எழும்புவார். நான் அப்படியே கிடந்து வானத்தைப் பார்ப்பேன். மறுநாள் கதிரை லிஃப்டில் மேலே போகவேண்டும் என்றாள் மகள். கம்பியில் தொங்குகிற இரட்டைக் கதிரை. அது நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கவேண்டும். ஏறுவது பெரிய விஷயமில்லை, கதிரை வந்து பின்னால் தட்ட நாம் உட்கார்ந்துவிடுவோம். இறங்குவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

காலையில் நாங்கள் தங்கிய மரவீட்டுக் குசினிக் கதிரையில் வைத்து எங்களுக்குப் பாடம் நடந்தது. கதிரையிலிருந்து இறங்கப் பழக்க, முதலில் அக்காவைக் கதிரையில் உட்காரப் பழக்கவேண்டியிருந்தது. "நீ சொல்லு, நான் நிண்டு கேக்கிறன்" என்றார். மகள் விடவில்லை. தோளைப் பிடித்து அமர்த்தினாள். பாதி டேனிஷும் பாதித் தமிழுமாகச் சொன்னாள்.

"முன் கால் பலகையில கட்டி இருக்கும். பின் கால் சும்மா. மேல வரேக்க பலகையின்ர மூக்கை நேரா வையுங்கோ. பலகை நிலத்தில முட்டுமட்டும் எழும்பாதேங்கோ. முட்டினாப் பிறகு எழும்பி, பின் காலைப் பலகையில வைச்சு, அப்பிடியே போகவிடுங்கோ. கீழ பாக்கக்கூடாது. ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கவும் கூடாது. விளங்கிச்சோ அம்மா?"

"ஓம், ஓம். இதென்ன பெரிய வித்தையோ. நாள் முழுக்க நான் செய்யிற வேலைதானே."

அங்கேதான் பிழை வந்தது.

கதிரை எங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. முன் காலில் தொங்குகிற பலகையின் பாரம் முழங்காலைப் பிடுங்கியது. மேலே இறங்குமேடை தெரிந்ததும் பாதுகாப்புக் கம்பியை உயர்த்தினோம். நான் பலகையை நேராக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். திடீரென்று என் அக்குளுக்கடியில் ஒரு கை நுழைந்தது, முதுகில் இன்னொரு கை. காதுக்குப் பக்கத்தில் டேனிஷில் ஒன்று, இரண்டு, மூன்று.

"ஓப்!"

நான் எழும்பிவிட்டேன். என்ன செய்வது, அந்தக் குரலுக்கு எல்லோரும் எழும்புவார்கள். என்னை எழுப்பிய கையோடு அவரும் வந்தார். அவர் பலகை என் பலகையில் ஏற, இரண்டு பேரும் மேடை நடுவில் மூட்டையாய் விழுந்தோம். பின்னால் வந்த கதிரை தலைக்கு மேலே ஆடி நின்றது. லிஃப்டைக் கவனிக்கிற பெண் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தாள். முகமெல்லாம் புள்ளி விழுந்த நோர்வேப் பெண். ஓடிவந்து சிரித்தபடி எங்களை ஓரமாக இழுத்துவிட்டாள்.

"என்ன அக்கா செய்தனீங்கள்?" என்றேன், வாயில் பனியோடு.

"நீ எழும்பமாட்டாய் எண்டு பயந்திட்டன்."

தான் எழும்பவேண்டும் என்ற ஞாபகமே அவருக்கு வரவில்லை. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளை எழுப்பவேண்டும். கைக்குத் தெரிந்தது அதுதான்.

அடுத்த தடவை என்னைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். தொடவில்லை. ஆனால் மேடைக்கு எவ்வளவோ முன்னால், கீழே வெறும் சரிவு இருக்கும்போதே, கதிரையிலிருந்து தன்னைத் தள்ளிக்கொண்டு எழும்பப் பார்த்தார். நான் அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். மேடையில் மறுபடியும் மூட்டை, மறுபடியும் சிவப்புப் பொத்தான்.

அந்தப் பெண் இந்த முறை சிரிக்கவில்லை. அக்காவின் முன்னால் பனியில் முழந்தாளிட்டு, எங்களுக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். நீ ஏன் அவசரப்படுகிறாய்? நீ நிலத்தைத் தேடிப் போகவேண்டாம். உட்கார்ந்தே இரு. நிலம் தானாக உன் பலகைக்குக் கீழே வரும். வந்தபிறகு எழும்பு. அதற்கு முன்னால் எழும்பினால்தான் ஆபத்து.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார். "வராட்டி?"

"என்ன வராட்டி?"

"நிலம் வராட்டி?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. காற்றில்லை. மூன்று நாள் விழுந்த உடம்பு, மத்தியானம் சாப்பிட்ட சோறு, கதிரையின் மெல்லிய ஆட்டம். பாதி வழியில் என் தோளில் ஏதோ பாரம். அக்காவின் ஹெல்மெட். நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. முன்னால் இருந்த கம்பியில் இரண்டு கையும் தளர்ந்து கிடந்தன. அந்தக் கைகள் சும்மா கிடந்து நான் அதுவரை பார்த்ததில்லை. முகத்தில் வயது முழுக்கத் தெரிந்தது.

மேடை நெருங்கியது. எழுப்பினால் திடுக்கிட்டுக் குதித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. அதைவிட, எனக்கு மனமே வரவில்லை. கம்பியை உயர்த்தாமல், மேலே நின்ற புள்ளிமுகப் பெண்ணுக்குக் கையைக் காட்டினேன். அவள் லிஃப்டின் வேகத்தைக் குறைத்து எட்டி வந்து பார்த்தாள்.

"நித்திரையா?"

"ஓம்."

"சுகமில்லையா?"

"இல்லை. களைப்பு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள் என்று சைகை காட்டி, கீழே உள்ளவர்களுக்கு ஃபோன் எடுத்தாள். எங்கள் கதிரை பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பியது.

கதிரை லிஃப்டில் கீழே வருபவர்களை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிரே மேலே போகிறவர்கள் எல்லோரும் எங்களை வெறித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு கதிரையில் அக்காவின் மகள். வாயைத் திறந்து கத்தப் போனாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவள் கையுறையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கதிரைகள் ஒன்றையொன்று கடந்து போகும்வரை தலையைத் திருப்பித் திருப்பி அம்மாவையே பார்த்துக்கொண்டு போனாள். "நான் பிறந்ததிலயிருந்து அம்மா நித்திரை கொள்ளுறதைக் கண்டதில்லை" என்றாள் அன்று பின்னேரம். "நான் படுக்கேக்க நிப்பா. எழும்பேக்க நிப்பா."

கீழே போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் அக்கா கண் விழித்தார்.

"நாங்கள் எங்க போறம்?"

"கீழ."

"இறங்கேல்லையோ?"

"இல்லை அக்கா. நீங்கள் நித்திரையாப் போனியள்."

பதறப் போகிறார் என்று அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறவில்லை. பள்ளத்தாக்கையும் கீழே தெரிந்த கார்களையும் பார்த்தபடி இருந்தார். "அப்ப இன்னொருக்காப் போவம்" என்றார்.

மறுபடி மேலே வந்தோம். கம்பியை உயர்த்தினோம். புள்ளிமுகப் பெண் மேடை ஓரத்தில் நின்று, "வென்ட்... வென்ட்..." என்றாள். பொறு என்பதற்கு டேனிஷிலும் அதே சொல்தான். அக்காவின் கைகள் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆனால் எழும்பவில்லை. பலகை பனியில் முட்டிய சத்தம் கேட்டது. அப்போதுதான் எழும்பினார். பின் காலைப் பலகையில் வைத்து, கூன் விழுந்த முதுகோடு, யாரையும் பிடிக்காமல் சறுக்கிப் போய், தானாக நின்றார்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் விழுந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்க வரவில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு காலியாகத் திரும்பிப் போகிற கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழும்பிட்டன் பிள்ளை" என்றார், நம்பாதவர் மாதிரி.

இத்தோடு அக்கா திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கிழமை மலையில் இருந்துவிட்டு வந்தால் மனிதர் மாறிவிடுவார்கள் என்று நம்புகிற வயது எனக்கில்லை. திங்கட்கிழமை இடைவேளையில் அவர் கழுவுதொட்டியின் பக்கம் நின்று புட்டுத்தான் சாப்பிட்டார். என் வீட்டுக்கு வந்தபோது அதே கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "குந்துங்கோவன்" என்றேன். "குந்தினா எழும்பமாட்டன்" என்றார். கொஞ்சம் சிரித்தார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் அண்ணை செத்துப்போனார். அந்த சோபா மூலையில் உட்கார்ந்தபடியே போனார். அக்கா வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமல், வழக்கம்போலச் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து சில நாளில் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். தமிழ் வரவில்லை அவளுக்கு, டேனிஷில்தான் சொன்னாள். அம்மா உட்கார்ந்துவிட்டா. அப்பாவின் இடத்தில். எழும்புகிறா இல்லை. நான் லீவு முடிந்து எப்படிப் போறது? அப்பாவும் இப்படித்தான் தொடங்கினார்.

போனேன். குசினி நிறையப் பெண்கள். சனம் கொண்டுவந்த சாப்பாடு மேசையில் குவிந்திருந்தது. யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. "அவ குந்திட்டா" என்று ஒருத்தி என் காதில் சொன்னாள், தீராத வியாதியின் பெயரைச் சொல்வது மாதிரி. அக்கா சோபாவின் இடது மூலையில், அண்ணை விட்டுப்போன பள்ளத்தில் இருந்தார். அந்தப் பள்ளம் அவருக்குப் பெரிது. கைகள் மடியில் கிடந்தன. மகள் போய் அவர் அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். "வாங்கோ அம்மா, ஒருக்கா எழும்புங்கோ. முகம் கழுவுவம்." அக்கா அசையவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். ஒரு பிள்ளை அப்படிப் பார்த்தால் தாங்க முடியாது.

எனக்கும் பயம்தான். இத்தனை வருடம் "குந்துங்கோ, குந்துங்கோ" என்று கேட்டவள் நான். இப்போது அவர் உட்கார்ந்துவிட்டார். எழுப்பத் தெரிந்த கைகள் எனக்கும் இருக்கின்றன, அதுதானே என் பிழைப்பு. ஆனால் கையைக் கொடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், சோபாவின் வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். லிஃப்டிலும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

கனநேரம் எதிரே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா" என்றேன். "மேல வந்திட்டமோ?"

அவர் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து முன்னால் பார்த்தார்.

"இன்னும் இல்லைப் பிள்ளை" என்றார். "பொறு. நிலம் வரட்டும்."

மகள் அதைக் கேட்டாள். அவள் கை அம்மாவின் அக்குளுக்கடியிலிருந்து மெல்ல விலகியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளும் வந்து சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்தாள்.

நான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் கோட்டைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.